கப்பலேற முடியாத சங்கங்கள்

கொரோனா காலத்தில் சுமார் நான்கு லட்சம் மாலுமிகள் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்காகப் போராட வேண்டிய சங்கங்களால் துறைமுக கேட்டைக்கூடத் தாண்ட முடியவில்லை. அப்புறம் எப்படிச் சமாளித்தார்கள்?

2020 மே 1. உழைப்பாளர் தினம். துறைமுகங்களில் நின்றிருந்த கப்பல்கள், அந்தந்த ஊர் நேரப்படி பகல் 12 மணிக்கு ஹாரனை ஒலித்தன. ஊரடங்கில் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கை தட்டிக்கொண்டிருந்த உலகத்துக்கு, ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று மாலுமிகள் நினைவூட்டிய நாள் அது.

ஹாரன் ஒலிக்க அழைப்பு விடுத்தவை இரண்டு அமைப்புகள். ஒன்று, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம். கப்பல் வட்டாரத்தில் எல்லோருக்கும் அது ஐ.டி.எஃப். 1896-ல் தொடங்கிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு. இன்னொன்று ஐ.சி.எஸ் எனப்படும் கப்பல் உரிமையாளர்களின் உலக அமைப்பு. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து மல்லுக்கட்டியே பழகிய இந்த இரண்டு தரப்பும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போடும் நிலைமை வந்ததென்றால், கடலில் நிலவரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

மாதம் ஒரு லட்சம் பேர்

கப்பல் வேலை என்பது ஒப்பந்த வேலை. ஏபி என்ற மேல்தள மாலுமி, ஆயிலர், குக் போன்ற ரேட்டிங் பணியாளர்கள் பெரும்பாலும் ஒன்பது மாதம் வரை வேலை பார்ப்பார்கள். அதிகாரிகளுக்கு நான்கு முதல் ஆறு மாதம். காலம் முடிந்ததும் அடுத்த துறைமுகத்தில் ‘ரிலீவர்’ வந்து ஏறுவார், பழையவர் சைன்-ஆஃப் செய்துவிட்டு விமானம் பிடித்து ஊருக்குப் போவார். உலகம் முழுக்க மாதத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் இப்படி மாறுவது வழக்கம்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. நாடுகள் எல்லைகளை மூடின. ஆனால் கப்பல்கள் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. உலக வர்த்தகச் சரக்கில் எடைக்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் போவது கடல் வழியாகத்தான். கோதுமையும் எரிவாயுவும் மருந்து மூலப்பொருளும் வந்து இறங்கின. கொண்டுவந்தவர்களை மட்டும் இறங்கவிடவில்லை. சரக்குக்குக் கதவு திறந்தது, மனிதனுக்கு மூடியது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் சுமார் நான்கு லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே இருந்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இன்னொரு கூட்டம், கப்பலில் ஏற முடியாமல் வீட்டில் இருந்தது. முதல் கூட்டத்தைப் பற்றிச் செய்திகள் வந்தன. இரண்டாவது கூட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் சம்பளம் இல்லை. பேருக்கு மாலுமி, கைக்கு வருமானம் பூஜ்யம். தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் இப்படி எத்தனையோ குடும்பங்கள் கையிருப்பையும் நகைக்கடனையும் வைத்து ஓட்டின.

சர்வதேசச் சட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. 2006-ல் நிறைவேறி 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, சுருக்கமாக எம்.எல்.சி. இதன்படி ஒரு மாலுமியை விடுப்பில்லாமல் தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கக்கூடிய உச்சவரம்பு 11 மாதம். இந்தியா உள்பட, கையெழுத்திட்ட நாடுகள் பல இருந்தன. கடைப்பிடிக்கத்தான் ஆள் இல்லை.

கேங்வேயில் நின்ற வேலை

மாலுமிகள் சங்கத்தின் பலம் இரண்டு விஷயங்களில் இருந்தது. ஒன்று, கப்பலேறிப் போய்ப் பார்ப்பது. இரண்டு, தேவைப்பட்டால் துறைமுகத் தொழிலாளர் துணையோடு கப்பலை நகரவிடாமல் செய்வது.

ஐ.டி.எஃப்-புக்கு உலகத் துறைமுகங்களில் 130-க்கும் மேற்பட்ட இன்ஸ்பெக்டர்கள் உண்டு. ஒருவர் கேங்வே என்ற கப்பல் ஏணியில் ஏறி உள்ளே போனதும் கேட்கும் முதல் காகிதம் க்ரூ லிஸ்ட். பிறகு ஒவ்வொருவரின் ஒப்பந்தம், சம்பளக் கணக்கு, ஓய்வு நேரப் பதிவேடு. காகிதம் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் அவர் அதோடு விடமாட்டார். கேலி எனப்படும் கப்பல் சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறப்பார். எத்தனை நாளைக்குக் காய்கறி இருக்கிறது, இறைச்சி எப்போது வாங்கியது என்று பார்ப்பார். குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து நிறம் பார்ப்பார். அப்புறம் மெஸ் ரூமில் ஒரு டீ. அங்கேதான் யாராவது ஒருவர் ஜாடை காட்டுவார். கேபின் கதவைச் சாத்திக்கொண்டு, “அந்த ஷீட்டில் இருக்கிற சம்பளம் எங்கள் கைக்கு வரவில்லை சார்” என்பார். இரட்டைக் கணக்கு வைத்திருக்கும் கப்பல்களில் உண்மை வெளிவருவது பெரும்பாலும் இப்படித்தான்.

கொரோனா அந்த டீயை நிறுத்தியது. துறைமுக அதிகாரிகள் வெளியாட்களைக் கப்பலில் ஏற்றவில்லை. கேப்டன்களும் நோய் பயத்தில் யாரையும் அனுமதிக்கவில்லை. இரண்டு தரப்பின் பயமும் நியாயமானதே. இன்ஸ்பெக்டர்கள் வாட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் மாறினார்கள். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, ஏறிய தேதியைச் சொல், சம்பளச் சீட்டை அனுப்பு.

இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் இருந்தன. முன்பு ஒரு கப்பல் தன் துறைமுகத்துக்கு வந்தால்தான் இன்ஸ்பெக்டருக்கு வேலை. இப்போது எந்தக் கடலில் இருக்கும் கப்பலிலிருந்தும் செய்தி வந்தது. அதுவே நஷ்டமும்கூட. போனில் பேசுபவரின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. ஃப்ரீசரைத் திறந்து காட்டச் சொன்னால், எந்தக் கதவைத் திறப்பது என்பதை அந்தப் பக்கம் இருப்பவரே முடிவு செய்வார். அதோடு, சிக்னல் இருக்கும் கப்பலின் குரல்தான் கரைக்கு வந்துசேரும். இன்டர்நெட்டே இல்லாத பழைய கப்பல்களில் இருந்தவர்களுக்கு இந்தப் புது ஏற்பாட்டால் பெரிய பயன் இல்லை.

ஜூன் 15

தொற்றின் தொடக்கத்தில் சங்கங்கள் விட்டுக்கொடுத்தன. இந்த விட்டுக்கொடுப்பைப் பற்றிப் பிறகு சங்கத்துக்குள்ளேயே விமர்சனம் எழாமல் இல்லை. மார்ச் மத்தியில், அவசரநிலை கருதி ஒப்பந்தங்களை ஒரு மாதம் நீட்டிக்க முதலாளிகள் தரப்போடு ஐ.டி.எஃப் ஒத்துக்கொண்டது. நிலைமை மாறவில்லை. மறுபடி நீட்டித்தார்கள். அரசுகளோ, மாலுமிகள் எப்படியும் கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கிறார்களே, அவசரம் என்ன என்ற தோரணையில் இருந்தன. நீட்டிப்பு, பிரச்சினையைத் தள்ளிப்போடும் சௌகரியமாக மாறிவிட்டது.

ஜூன் 15-ம் தேதியோடு இனி நீட்டிப்பு கிடையாது என்று ஐ.டி.எஃப் அறிவித்தது. ஒப்பந்தம் முடிந்த மாலுமி ‘நான் இறங்குகிறேன்’ என்று சொன்னால் சங்கம் துணை நிற்கும் என்றது. கேட்பதற்கு வீரமான அறிவிப்பு, நடைமுறையில் சிக்கலானது. நடுக்கடலில் கப்பலை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போக முடியாது. ரிலீவர் வராமல் இறங்கினால், குறைந்தபட்ச ஆள்பலம் இல்லாமல் கப்பல் ஓட்டுவதும் குற்றம். மாலுமிக்கு இன்னொரு பயம், பெயர் கெட்டுப்போனால், கப்பல்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் மேனிங் ஏஜென்ட் அடுத்த ஒப்பந்தம் தரமாட்டார் என்பது. ஆகவே அந்த அறிவிப்பின் உண்மையான முகவரி கப்பல் அல்ல, தலைநகரங்கள்.

களைத்துப்போன ஆட்கள் ஓட்டும் கப்பல் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி அப்போது எல்லோர் மனதிலும் இருந்தது. 2020 ஜூலை 25-ல் ‘வகாஷியோ’ என்ற கப்பல் மொரிஷியஸின் பவளப்பாறையில் ஏறி, சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அதன் பணியாளர்களில் சிலர் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டி வேலை பார்த்தவர்கள். போன் சிக்னல் தேடித்தான் கப்பல் கரையை ஒட்டி வந்தது என்று கப்பல் பதிவான கொடி நாடான பனாமாவின் விசாரணை சொன்னது. விபத்துக்குப் பொறுப்பு கப்பலை ஓட்டியவர்களுடையதே. ஆனாலும், வீட்டாரோடு பேச ஒரு சிக்னலுக்காகக் கரையை ஒட்டிப் போகத் தோன்றும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதையும் அது வெளிச்சம்போட்டுக் காட்டியது.

பன்னிரண்டு படிகள்

போராட்டத்தைவிட அதிகப் பலன் தந்தது குமாஸ்தா வேலைதான் என்பது இந்தக் கதையின் ஆச்சரியம். முதலாளி அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, ஒரு மாலுமி வீட்டு வாசலிலிருந்து கப்பல் கேங்வே வரை போவதையும் திரும்பி வருவதையும் 12 படிகளாகப் பிரித்து ஒரு நெறிமுறை எழுதின. வீட்டில் தனிமை, பரிசோதனை, விமான நிலையம், விமானம், இறங்கும் ஊர், ஹோட்டல், துறைமுகம் என ஒவ்வொரு கட்டத்திலும் யார் பொறுப்பு, எந்தக் காகிதம், யார் கையெழுத்து என்பது அதில் இருந்தது. ஐ.நா-வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ, 2020 மே 5-ல் இதைத் தன் உறுப்பு நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. சிக்கிய மாலுமிகளின் பிரச்சினைகளைத் தனித்தனியாகக் கவனிக்க ஒரு நெருக்கடிக் குழுவையும் அமைத்தது.

இது ஏன் தேவைப்பட்டது? ஊரடங்கில் தூத்துக்குடி பக்கத்து கிராமத்திலிருந்து மும்பைக்குப் புறப்படும் ஒரு மாலுமியை நினைத்துப் பாருங்கள். ரயில் இல்லை. காருக்கு இ-பாஸ் வேண்டும். மாவட்ட எல்லையில் நிற்கும் காவலருக்கு சி.டி.சி என்ற மாலுமிப் புத்தகம் என்னவென்று தெரியாது. மும்பை போனால் ஹோட்டலில் தனிமை. ஆர்.டி.பி.சி.ஆர் முடிவுக்கு ஆயுள் சில நாட்கள்தான். விமானம் தள்ளிப்போனால் மறுபடி மூக்கில் குச்சி. அதற்குள் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போயிருக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், கப்பலில் காத்திருப்பவர் இன்னும் ஒரு பயணம் போயே ஆக வேண்டும்.

இந்தியாவில் இதைக் கையிலெடுத்தது மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி. ஷிப்பிங். ரேட்டிங் பணியாளர்களுக்கான நுஸி (இந்திய தேசிய மாலுமிகள் சங்கம்), அதிகாரிகளுக்கான மாரிடைம் யூனியன் ஆஃப் இந்தியா, முதலாளி தரப்பில் மாஸா, ஃபாஸ்மா ஆகிய அமைப்புகள் எல்லாம் இயக்குநரகத்தை நெருக்கின. 2020 ஏப்ரல் 21-ல் உள்துறை அமைச்சகம் மாலுமிகள் இறங்கவும் ஏறவும் நடைமுறை விதிகளை வெளியிட்டது. இரண்டே நாளில் மும்பைக்கு வெளியே காத்துக்கிடந்த ‘மரெல்லா டிஸ்கவரி’ சொகுசுக் கப்பலிலிருந்து சுமார் 145 இந்தியப் பணியாளர்கள் கரை இறங்கினார்கள். ஆகஸ்டுக்குள், இந்தியத் துறைமுகங்கள் வழியாகவும் தனி விமானங்கள் வழியாகவும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாற்றப்பட்டதாக அரசு அறிவித்தது.

சிங்கப்பூர் இன்னொரு பாதையைப் பிடித்தது. நெகடிவ் சான்றோடு வந்தவர்கள் வந்திறங்கியதும் பாசிடிவ் ஆனது அங்கே பெரிய தலைவலி. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து 2020 ஆகஸ்டில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலரில் ஒரு நிதியை உருவாக்கின. மாலுமி புறப்படும் நாட்டிலேயே நம்பகமான தனிமை விடுதிகளையும் பரிசோதனைகளையும் உறுதிசெய்வதுதான் அதன் நோக்கம். காகிதத்தை நம்ப முடியாதபோது, காகிதம் தயாராகும் இடத்தைச் சரிசெய்யலாம் என்ற யோசனை.

ஜூம் கூட்டங்கள் யாருக்கு?

சம்பளமும் ஒப்பந்தமும் சங்கங்களின் வேலை. தொழிலறிவும் தகுதியும் தொழில்முறை அமைப்புகளின் வேலை. லண்டனின் நாட்டிகல் இன்ஸ்டிடியூட் முதல் நம் ஊர் மரைன் என்ஜினீயர்கள் அமைப்புவரை, மாலை நேரத்தில் ஒரு ஹாலில் கூடி, ஒரு உரை கேட்டு, காபி குடித்துக் கலையும் கிளைக் கூட்டங்களே அவற்றின் உயிர்நாடி. 2020-ல் அவை எல்லாமே திரைக்கு மாறின. சென்னையில் இருக்கும் கேப்டன் லண்டனில் நடக்கும் உரையை வீட்டிலிருந்தே கேட்டுக் கேள்வி கேட்க முடிந்தது.

ஆனால் இந்த வாசல் அகலமாகத் திறந்தது யாருக்கு? கரையில் இருக்கும் கேப்டன்களுக்கும், அலுவலகங்களில் இருக்கும் சூப்பரின்டென்டென்ட்களுக்கும், விடுமுறையில் இருப்பவர்களுக்கும். கப்பலில் வாரத்துக்குச் சில எம்.பி டேட்டா மட்டும் கிடைக்கும் செகண்ட் ஆஃபீசருக்கு ஒரு மணி நேர வீடியோ எட்டாக்கனி. யாருக்காக அமைப்பு நடக்கிறதோ அவர்தான் கூட்டத்தில் இல்லை.

பயிற்சியிலும் இதே முரண். படிப்புகள் ஆன்லைனுக்குப் போயின. 2020 ஜூலையில் மாலுமிகள் படிப்பின் முடிவில் எழுதும் எக்ஸிட் தேர்வை வீட்டிலிருந்தே எழுதும் வசதியை இந்தியா தொடங்கியது. நாள் கணக்கில் பயணம் செய்து தேர்வு மையத்துக்குப் போகிற செலவு மிச்சம். தீயணைப்புக் குழாயைப் பிடிப்பதையும் உயிர்காக்கும் படகை இறக்குவதையும் மட்டும் எந்தத் திரையும் சொல்லித்தர முடியாது. காலாவதியான சான்றிதழ்களுக்கு நாடுகள் தேதியை நீட்டின. நீட்டிப்பது தற்காலிக நிவாரணம். கைப்பழக்கத்துக்கும் காலாவதி உண்டு என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஜிங்டாங் வாசலில்

எந்த நெறிமுறையாலும் அசைக்க முடியாத வழக்கு ஒன்றும் இருந்தது. ஆஸ்திரேலிய நிலக்கரியோடு போன இந்தியக் கப்பல் ‘ஜக் ஆனந்த்’, 2020 ஜூனிலிருந்து சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கப்பலில் 23 இந்தியர்கள். சரக்கை இறக்க அனுமதி இல்லை, ஆட்களை மாற்ற அனுமதி இல்லை. சீனா கொரோனா விதிகளைக் காரணம் காட்டியது. சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்துகொண்டிருந்த வர்த்தகச் சண்டையை எல்லோரும் அறிவார்கள். கொஞ்ச தூரத்தில் ‘அனஸ்தேசியா’ என்ற இன்னொரு கப்பலும் 16 இந்தியர்களோடு அதே கதியில் நின்றது.

இந்தியச் சங்கங்களும் ஐ.டி.எஃப்-பும் வெளியுறவுத் துறைக்கும் கப்பல் துறைக்கும் விடாமல் எழுதின. குடும்பங்கள் தொலைக்காட்சிகளில் பேசின. கடைசியில் வழி பிறந்தது சீனாவில் அல்ல. 2021 ஜனவரியில் ஜக் ஆனந்த், சரக்கை இறக்காமலேயே ஜப்பானின் சிபா துறைமுகத்துக்குப் போய் ஆட்களை மாற்றியது. அந்த மாதமே அவர்கள் ஊர் திரும்பினார்கள். அனஸ்தேசியாவில் இருந்தவர்கள் பிப்ரவரியில் வந்தார்கள். வணிகக் கணக்கில் சரக்கோடு கப்பலைத் திருப்புவது பெரிய இழப்பு. மாலுமிக்காக அந்த இழப்பை ஏற்கவைத்ததில் சங்கங்களின் சத்தத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் சத்தம் கேட்டு அசைந்தவர் கப்பல் உரிமையாளர். அனுமதி மறுத்த அரசு அசையவில்லை. சங்கங்களின் எல்லை எது என்பதும் அங்கே தெரிந்துபோனது.

இரண்டாவது அலை

2021 ஜனவரியில் ‘நெப்டியூன் பிரகடனம்’ வந்தது. மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளர்களாக அறிவிக்க வேண்டும், தடுப்பூசியில் முன்னுரிமை வேண்டும் என்ற கோரிக்கையில் முதலில் 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் அமைப்புகளும் கையெழுத்திட்டன. பிறகு அது 850-ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய டிசம்பரில் ஐ.நா பொதுச்சபையும் இதே கருத்தில் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அதே டிசம்பரில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு, மாலுமிகளைக் காப்பதில் அரசுகள் தவறிவிட்டன என்று வெளிப்படையாகவே சொன்னது.

இதற்கெல்லாம் பலன் கிடைப்பதற்குள் கொரோனாவின் டெல்டா வகை வந்தது. 2021 ஏப்ரல் கடைசியில் சிங்கப்பூர் உள்ளிட்ட பல இடங்கள், இந்தியாவிலிருந்து வரும் மாலுமிகளுக்குக் கதவைச் சாத்தின. அந்த ஆண்டு ஆகஸ்டில், ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே இருந்தவர்களின் விகிதம் 9 சதவீதத்தைத் தொட்டது. இந்திய மாலுமிக்கு இப்போது தடுப்பூசியே பயணச்சீட்டு. சென்னை, தூத்துக்குடி உள்பட ஆறு பெரிய துறைமுகங்களின் மருத்துவமனைகளில் மாலுமிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நுஸி, மாஸா, ஃபாஸ்மா தனி முகாம்கள் நடத்தின. சம்பள ஒப்பந்தம் எழுதும் அமைப்புகள் டோக்கன் கொடுத்து வரிசை ஒழுங்குபடுத்தின.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை. கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் 2021 நவம்பர் 3-ல்தான் கிடைத்தது. அதுவரை, கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்ட மாலுமிக்குச் சில நாடுகளில் அது ஊசிக் கணக்கிலேயே சேரவில்லை.

அடுத்த முறை?

நெருக்கடி முடிந்ததும் சுற்றறிக்கைகளுக்கு ஆயுள் முடிந்துவிடும். அதனால் சங்கங்கள் தங்கள் கோரிக்கையைச் சட்டத்துக்குள் கொண்டுபோகப் பார்த்தன. எம்.எல்.சி-யில் 2022-ல் கொண்டுவந்த திருத்தங்கள் 2024 டிசம்பர் 23-ல் நடைமுறைக்கு வந்தன. கப்பலில் இன்டர்நெட் வசதி, அவசர சிகிச்சைக்கு உடனே கரையில் இறக்குவது, ஊர் திரும்ப நாடுகள் உதவுவது ஆகியவை அதில் இருக்கின்றன. இன்டர்நெட் இலவசம் என்று எழுதவைக்க முடியவில்லை. கட்டணம் வாங்கினால் நியாயமாக இருக்க வேண்டும் என்ற அளவில் சமரசம். 2025-ல் நிறைவேறிய அடுத்த திருத்தங்கள் மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளர்களாகவே அங்கீகரிக்கின்றன. அவை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரவிருக்கின்றன.

ஆனால் 2020-ல் மாவட்ட எல்லையில் நின்ற காவலருக்கும், விமான நிலையத்தில் நின்ற அதிகாரிக்கும் ஜெனீவாவில் எழுதிய சர்வதேச உடன்படிக்கை போய்ச் சேரவில்லை. அவர்கள் கையில் இருப்பது உள்நாட்டு விதிப் புத்தகம். 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் இந்தியா புதிய சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதன் கீழ் எழுதப்படும் விதிகளில், ‘எல்லை மூடினாலும் மாலுமிக்கு வழி உண்டு’ என்பது எந்த அதிகாரிக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். அவசரகால அறிவிப்பு வந்த அன்றே அது தானாக அமலுக்கு வர வேண்டும். முதலாளி அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கொரோனா காலத்தில் ஒரே பக்கம் உட்கார்ந்து எழுதப் பழகியவர்கள். சம்பளத்துக்காக மறுபடி எதிரெதிரே உட்காரட்டும், அது அவர்கள் வேலை. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும், அடுத்த தொற்று வரும் வரை காத்திருக்காமல், இப்போதே இன்னொரு முறை ஒரே பக்கம் உட்கார வேண்டும்.